விவசாயிக்கு மேனேஜர் கிடையாது: அமெரிக்க மறுவாழ்வு கவுன்சலர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கணும்?

அமெரிக்காவுல ஒருத்தருக்கு அடிபட்டோ, நோய் வந்தோ, பிறவியிலேயே இருக்குற குறைபாட்டாலயோ வேலை செய்யறது கஷ்டமாயிடுச்சுன்னா, அவரை வேலையில நிறுத்தி வைக்கவோ புது வேலையில சேத்து விடவோ ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒரு அரசு ஏஜென்சி இருக்கு. தொழில் மறுவாழ்வுத் துறைன்னு சொல்லலாம், அங்க எல்லாரும் சுருக்கமா வி.ஆர்.னுதான் சொல்வாங்க. செலவுல 78.7 சதவீதம் ஃபெடரல் அரசு குடுக்குது, மீதி 21.3 சதவீதம் மாநிலம் போடணும். அங்க போனா உங்களுக்கு ஒரு கவுன்சலர். செயற்கைக் கால், காது மெஷின், படிப்புச் செலவு, வண்டிக்கு கை கன்ட்ரோல்னு எது வேணும்னாலும் அந்த கவுன்சலர் உங்களோட உக்காந்து ஒரு திட்டம் எழுதி கையெழுத்து போட்டாதான் பணம் நகரும்.

அந்த கவுன்சலர் முன்னாடி ஒரு விவசாயி வந்து உக்கார்றார்னு வச்சுக்குங்க. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, இல்ல மெஷின்ல ஒரு கை போயிடுச்சு. கவுன்சலர் கேக்குறது பெரும்பாலும் ஒண்ணுதான்: "வேற என்ன வேலை பண்ண முடியும்னு நினைக்கிறீங்க?" கெட்ட எண்ணத்துல கேக்கல, அவங்க படிச்ச படிப்பு அப்படி. ஆனா அந்த விவசாயி காதுல அது "பண்ணையை வித்துட்டு வா"ன்னு விழுது. பல பேர் அதுக்கப்புறம் அந்த ஆபீஸ் பக்கமே வர்றதில்ல.

இந்த இடத்துலதான் எல்லாம் முறியுது. விவசாயி தன் பண்ணையிலேயே தொடர்ந்து வேலை செய்ய சட்டத்துல வழி இருக்கு, அதுக்கான கருவிகளும் இருக்கு, ஓரளவு பணமும் இருக்கு. நடுவுல உக்காந்திருக்குற கவுன்சலருக்கு ஒரு பண்ணையைப் பாத்துப் புரிஞ்சுக்க யாரும் கத்துக்கொடுக்கல, அதனால மத்ததெல்லாம் இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடுது.

கொஞ்சம் பின்னாடி போய்ப் பாத்தா இந்தப் படிப்பு ஏன் இப்படி இருக்குன்னு புரியும். முதல் உலகப் போர்ல காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்காக 1918ல ஒரு சட்டம், அதைத் தொடர்ந்து 1920ல ஸ்மித்-ஃபெஸ் சட்டம் வந்து பொதுமக்களுக்கும் வி.ஆர். ஆரம்பிச்சுது. அது தொழிற்சாலைகளோட காலம், கை போன தொழிலாளியை இன்னொரு மெஷின்ல, இன்னொரு மேஜையில உக்கார வைக்கிறதுதான் அப்போ நோக்கம். 1954ல சட்டத் திருத்தம் வந்தப்போ பல்கலைக்கழகங்கள்ல கவுன்சலர்களுக்குன்னே பட்டப்படிப்பு நடத்த ஃபெடரல் பணம் குடுக்க ஆரம்பிச்சாங்க, அந்தத் துறையை அப்போ நடத்தினவர் மேரி ஸ்விட்சர். இன்னிக்கும் அந்த ஸ்காலர்ஷிப் உண்டு, ஒரு வருஷப் படிப்புக்கு ரெண்டு வருஷம் சேவை செய்யணும்னு கண்டிஷன். 1973ல வந்த மறுவாழ்வுச் சட்டம்தான் இப்ப நடக்குற எல்லாத்துக்கும் அடிப்படை. 1974ல கவுன்சலர்களுக்குச் சான்றிதழ் குடுக்குற ஆணையம் வந்துச்சு. படிப்புக்கு அங்கீகாரம் குடுத்துட்டு இருந்த தனி அமைப்பு 2017ல பொதுவான கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்குற பெரிய அமைப்போட சேந்துடுச்சு. அந்த இணைப்புக்கு அப்புறம் பொதுவான மனநல கவுன்சலிங் பாடங்களோட எடை கூடிடுச்சு.

மாஸ்டர்ஸ்ல என்ன படிக்கிறாங்க? உடல் குறைபாடுகளோட மருத்துவப் பக்கம், மனசுப் பக்கம், தொழில் திறன் மதிப்பீடு, ஒரு வேலையில கத்துக்கிட்டதை இன்னொரு வேலைக்கு எப்படி மாத்துறதுன்னு பாக்குற முறை, வேலைச் சந்தை நிலவரம், முதலாளிங்ககிட்ட எப்படிப் பேசி வேலை வாங்கித் தர்றது, இதெல்லாம். நல்ல படிப்புதான், குறை சொல்றதுக்கில்ல. ஆனா எல்லாத்துக்கும் அடியில ஒரு எண்ணம் இருக்கு: வேலைன்னா ஒரு முதலாளி இருப்பார், ஒரு பதவிப் பேர் இருக்கும், என்னென்ன செய்யணும்னு ஒரு காகிதத்துல எழுதியிருக்கும், மாசச் சம்பளம் வரும், நாற்காலி மாத்தணும்னா மேனேஜர்கிட்ட கேக்கலாம். 1990ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட வேலைவாய்ப்புப் பகுதியும் முதலாளியைப் பாத்துப் பேசுற சட்டம்தான், அதுவும் 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துக்கு. சொந்தப் பண்ணை வச்சிருக்குற ஆள் யார்கிட்ட போய் வசதி செஞ்சு தரச் சொல்லிக் கேப்பார்? அவருக்கு மேனேஜர் அவரேதான். ஆபீஸ், கோடவுன், வீடு எல்லாம் ஒரே நிலத்துல, கணக்கு எழுதறது சமையலறை மேஜையில.

இன்னொரு விஷயமும் சேத்துப் பாக்கணும். தொழிற்சாலையில அடிபட்டா தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் வரும், பல நேரம் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியே மறுவாழ்வுக்கு ஆள் அனுப்பும். சொந்தமா பயிர் வைக்கிற விவசாயிக்கு பொதுவா அது கிடையாது, அவரே போட்டுக்கிட்டாதான் உண்டு. பத்து பேர் வரைக்கும் வேலை செய்யற பண்ணைகள்ல பாதுகாப்பு விதிகளை அமல்படுத்த ஃபெடரல் துறை காசு செலவு பண்ணக் கூடாதுன்னு 1970கள்லேருந்து பட்ஜெட்ல ஒரு கட்டுப்பாடு இருக்கு. ஆக அடிபடாம தடுக்கவும் ஆள் இல்ல, அடிபட்ட பிறகு கூப்பிட்டு விசாரிக்கவும் ஆள் இல்ல, கடைசியில மிச்சம் இருக்குறது இந்த வி.ஆர். கவுன்சலர் ஒருத்தர்தான்.

அடிபடறதும் கொஞ்சநஞ்சம் இல்ல. 2022ல விவசாயம், காடு, மீன்பிடி சேந்த துறையில முழுநேரத் தொழிலாளர் ஒரு லட்சம் பேருக்கு 18.6 பேர் வேலையில செத்திருக்காங்க, எல்லா வேலைகளும் சேந்த சராசரி 3.7தான். டிராக்டர் கவுந்து சாகறதுதான் பண்ணைச் சாவுகள்ல ரொம்ப காலமா முன்னாடி நிக்கிற காரணம். டிராக்டருக்குப் பின்னாடி மத்த கருவிகளைச் சுத்த வைக்கிற பி.டி.ஓ. ஷாஃப்ட்னு ஒண்ணு இருக்கு, நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது கண்ணு சிமிட்டுற ஒரு செகண்டுக்குள்ள ஒன்பது சுத்து. அதுல சட்டைக் கை நுனி மாட்டினா ஒரே செகண்டுல ரெண்டு மீட்டர் துணியைச் சுருட்டி இழுத்துடும். கையை உருவிக்கணும்னு மூளை நினைக்கிறதுக்குள்ள கை போயிருக்கும். கவர் போடாம ஓட்டுற பழைய மெஷின்கள் இன்னமும் நிறைய.

ஆனா கவுன்சலர்கிட்ட வர்ற விவசாயிங்கள்ல பெரும்பாலானவங்க இப்படி ஒரே நொடியில எல்லாம் மாறினவங்க இல்ல. 2022 விவசாயக் கணக்கெடுப்புப்படி அமெரிக்காவுல 19 லட்சம் பண்ணை, சராசரி அளவு 463 ஏக்கர், விவசாயிங்களோட சராசரி வயசு 58.1. அந்த வயசுல முப்பது நாப்பது வருஷம் குனிஞ்சு நிமிந்து தூக்கிப் போட்ட உடம்புல மூட்டுவாதம், முதுகு வலி, தோள்பட்டை கிழிசல், காது மந்தம் இதெல்லாம் மெதுவா வந்து உக்காந்துக்கும். இவங்க யாரும் தங்களை மாற்றுத்திறனாளின்னு நினைச்சுக்கிறதே இல்ல, "வயசாகுதுல்ல"ன்னு சொல்லிட்டு வலி மாத்திரையைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. அதனால முதல் தடவை வரும்போது நிரப்புற இன்டேக் ஃபார்ம்ல "உங்க குறைபாடு என்ன"ன்னு கேட்டா பாதி வெளிய வராது. "இப்பல்லாம் எந்த வேலையைத் தள்ளிப் போடறீங்க, எந்த வேலையைப் பையன்கிட்ட விட்டுட்டீங்க, எந்த வேலை முடிஞ்சதும் அப்படியே உக்காந்துடறீங்க"ன்னு கேட்டா ஒரு மணி நேரம் பேசுவாங்க. கவுன்சலர் ட்ரெயினிங்ல சொல்லிக்கொடுக்க வேண்டிய மொத விஷயம் இந்தக் கேள்விகள்தான்னு நான் நினைக்கிறேன், மெஷின் பேரெல்லாம் அப்புறம் கத்துக்கலாம்.

அடுத்தது, பண்ணைக்கே போய்ப் பாக்கறது. ஆபீஸ்ல உக்காந்து "உங்க வேலை என்ன"ன்னு கேட்டா "டெய்ரி"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுடுவாங்க. அந்த ஒரு வார்த்தைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம். விஸ்கான்சின்ல ஐம்பது மாடு வச்சிருக்குற ஒரு பழைய பாணித் தொழுவம்னு வைங்க, மாடுங்க வரிசையா கட்டி நிக்கும், பால் கறக்குற ஆள்தான் ஒவ்வொரு மாடா போகணும். மாட்டுக்குப் பக்கத்துல குந்தி மடியைத் துடைச்சு, மெஷின் கப்பை மாட்டி, எழுந்து அடுத்த மாட்டுக்குப் போய், திரும்பி வந்து குந்திக் கழட்டணும். ஒரு மாட்டுக்கு குறைஞ்சது ரெண்டு தடவை குந்தி எழணும், காலையும் சாயங்காலமும் சேத்து ஒரு நாளைக்கு 200 தடவை, ஞாயித்துக்கிழமை கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது. இடையில கறவை யூனிட்டை ரெண்டு கையிலயும் தூக்கிட்டு நடக்கணும், தரை ஈரம், சாணி. இந்த 200ஐ கண்ணால பாத்த கவுன்சலருக்கு முட்டி தேஞ்ச ஆளுக்கு எது வேணும்னு சட்டுனு புரிஞ்சுடும்: தலைக்கு மேல ஒரு தண்டவாளம் போட்டு யூனிட்டை அதுல தொங்க விட்டு தள்ளிட்டுப் போற அமைப்பு, இடுப்புல கட்டிக்கிற ஒத்தைக்கால் ஸ்டூல், கப்பு தானா கழண்டுக்கிற மெஷின். வசதி இருந்தா ஆள் கீழ நின்னு மாடு மேல நிக்கிற மாதிரி பால் கறக்குற கூடமே (மில்கிங் பார்லர்) கட்டிக்கலாம், குந்தவே வேண்டாம். பாக்காத கவுன்சலர் டாக்டர் சீட்டுல "குந்துதல் தவிர்க்கவும்"னு இருக்குறதைப் படிச்சுட்டு, இவரால இந்த வேலை முடியாதுன்னு எழுதிடுவார்.

டிராக்டர் விஷயமும் அதே மாதிரிதான். வீல்சேர்ல இருக்குற விவசாயியைத் தூக்கி சீட்ல வைக்கிற லிஃப்ட் உண்டு, கால் பெடலுக்குப் பதிலா கை லீவர் உண்டு, இதெல்லாம் போட்டோவுல பாக்க பிரமாதமா இருக்கும், செலவும் பத்தாயிரம் டாலரைத் தாண்டும். ஆனா நிறைய பேருக்கு அவ்வளவு தேவையே இல்ல. பழைய டிராக்டர்ல முதல் படி முழங்கால் உயரத்துல இருக்கும், இறங்கும்போது பாத்தீங்கன்னா கடைசிப் படியை விட்டுட்டு அப்படியே குதிப்பாங்க, ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தடவை ஏறி இறங்குற ஆள் ஒவ்வொரு குதிப்புலயும் அந்த முட்டியை இன்னும் கொஞ்சம் கெடுத்துக்கிறார். கீழ ஒரு எக்ஸ்ட்ரா படியை வெல்டிங் பண்ணி, பிடிச்சுக்க ஒரு கம்பி வச்சு, கேட்டைத் திறக்க இறங்காம ரிமோட்ல திறக்குற மாதிரி செஞ்சா முக்கால்வாசி குதிப்பு போயிடும். கழுத்து திரும்பாத ஆளுக்குப் பின்னாடி ஒரு கேமரா. முதுகு போனவருக்கு அதிர்ச்சி தாங்குற ஏர் சீட். இதையெல்லாம் ஒருத்தர் பண்ணையில ரெண்டு மணி நேரம் பின்னாடியே நடந்தா கண்டுபிடிச்சுடலாம். அந்த ரெண்டு மணி நேரமும் வேலை நடக்குற நேரமா இருக்கணும், மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய் காலி தொழுவத்தைப் பாத்துட்டு வந்தா ஒண்ணும் தெரியாது.

செயற்கைக் கை கால் பத்தியும் தனியா ஒரு பாடம் வேணும். ஆபீஸ் வேலைக்கு ஏத்த மாதிரி அழகா விரல் அசையற எலக்ட்ரானிக் கையை எழுதிக் குடுப்பாங்க, தண்ணியும் மண்ணும் சாணியும் பட்டா அது தாங்காது. பண்ணைக்கு பழைய பாணி கேபிள் இழுத்தா திறக்குற ஸ்டீல் கொக்கிதான் பல நேரம் சரியா வரும். செயற்கைக் கால் போட்டவர் உழுத நிலத்துல, சரிவுல நடக்கணும், வேர்வையில சாக்கெட் வழுக்கும், உடைஞ்சா கம்பியும் டேப்பும் வச்சு அவரே கட்டிக்குவார், ஏன்னா சரி பண்ற இடம் நூறு மைல் தள்ளி, அறுவடையோ இன்னிக்கு. ஒரு கை இல்லாதவர் மிச்ச கையை வச்சே எல்லாத்தையும் செஞ்சு ரெண்டே வருஷத்துல அந்தத் தோள்பட்டையையும் கெடுத்துக்குவார். முதல் காயத்தோட நிறுத்தாம அது அடுத்து எங்க கொண்டு போகும்னு பாக்கணும், இதைக் கவுன்சலர் கேக்கலன்னா வேற யாரும் கேக்கப் போறதில்ல. காது மந்தமானவருக்கு மெஷின்ல பேரிங் கெட்டுப் போற சத்தம் கேக்காது, பின்னாடி வர்ற வண்டி சத்தம் கேக்காது, அது அவரை மட்டுமில்லாம கூட வேலை செய்யற எல்லாரையும் பாதிக்கிற விஷயம்.

எல்லாத்தையும் கவுன்சலரே தெரிஞ்சு வச்சுக்கணும்னு நான் சொல்லல, அது நியாயமும் இல்ல. இதுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு, அக்ரபிலிட்டின்னு பேர். இண்டியானாவுல பர்டியூ பல்கலைக்கழகத்துல 1979ல பேராசிரியர் பில் ஃபீல்ட் மாற்றுத்திறனாளி விவசாயிகளுக்காக ஒரு மையம் ஆரம்பிச்சார், பிரேக்கிங் நியூ கிரவுண்ட்னு. அந்த மாதிரி அனுபவங்கள்லேருந்து 1990 விவசாயச் சட்டத்துல அக்ரபிலிட்டிக்கு இடம் கிடைச்சு, 1991லேருந்து விவசாயத் துறை பணம் குடுக்குது. ஒவ்வொரு மாநிலத் திட்டத்துலயும் ஒரு லேண்ட்-கிராண்ட் பல்கலைக்கழகத்தோட (விவசாயப் படிப்புக்காக அரசு நிலம் குடுத்து உருவாக்கினது) விவசாய விரிவாக்கப் பிரிவும், அதாவது விவசாயிங்களுக்கு ஆலோசனை சொல்ற பிரிவும், ஈஸ்டர்சீல்ஸ், குட்வில் மாதிரி ஒரு மாற்றுத்திறனாளி சேவை அமைப்பும் சேந்து வேலை செய்யும். இவங்க ஆளுங்க பண்ணைக்கு வந்து பாத்து, எந்த வேலைக்கு எந்தக் கருவின்னு எழுதிக் குடுப்பாங்க, அவங்களோட ஆன்லைன் டூல்பாக்ஸ்ல ஆயிரத்துக்கு மேல கருவிகளும் ஐடியாக்களும் இருக்கு, எந்தக் கவுன்சலரும் ஃப்ரீயா பாக்கலாம்.

சிக்கல் என்னன்னா அக்ரபிலிட்டி பணத்துல விவசாயிக்கு ஒரு படி கூட வாங்கிக் குடுக்க முடியாது, அறிவுரையும் மதிப்பீடும் மட்டும்தான். கருவி வாங்கற பணம் பெரும்பாலும் வி.ஆர்.லேருந்துதான் வரணும். ஒருத்தர்கிட்ட பண்ணை அறிவு இருக்கு காசு இல்ல, இன்னொருத்தர்கிட்ட காசு இருக்கு பண்ணை அறிவு இல்ல. ரெண்டு பேரும் ஒரே சமையலறை மேஜையில உக்காந்தா காரியம் நடக்கும். விஸ்கான்சின் மாதிரி மாநிலங்கள்ல இது வருஷக்கணக்கா நடந்துட்டும் இருக்கு, அங்க கவுன்சலருக்கு ஒரு விவசாயி வந்ததும் யாருக்குப் போன் பண்ணணும்னு தெரியும். ஆனா ஒரு நேரத்துல இருபது சொச்சம் மாநிலங்கள்லதான் அக்ரபிலிட்டி திட்டம் நடக்குது, மத்த மாநிலங்கள்ல அந்தப் போன் நம்பரே கிடையாது. அந்த மாநிலங்கள்லதான் கவுன்சலர் ட்ரெயினிங் இன்னும் ஆழமா இருக்க வேண்டியிருக்கு. குறைஞ்சபட்சம் தன் மாவட்ட விவசாய விரிவாக்க ஆபீசரோட பேராவது ஒவ்வொரு கிராமப்புற கவுன்சலருக்கும் தெரிஞ்சிருக்கணும். 1914லேருந்து நாடு முழுக்க இருக்குற அமைப்பு அது, வி.ஆர். ஆபீஸ்லேருந்து பல ஊர்ல ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கும்.

இப்ப விதிகள் பக்கம் வரலாம், ஏன்னா நல்ல மனசு இருந்தும் கவுன்சலர் தடுமாறுற இடம் இதுதான். அப்ளிகேஷன் குடுத்த 60 நாளுக்குள்ள தகுதி இருக்கா இல்லையான்னு சொல்லணும், தகுதின்னா அடுத்த 90 நாளுக்குள்ள வேலைத் திட்டம் எழுதணும். ஜனவரி ஆரம்பத்துல ஒரு சோள விவசாயி அப்ளை பண்றார்னு வைங்க, ரெண்டு கெடுவையும் முழுசா எடுத்துக்கிட்டா 150 நாள், ஜூன் வந்துடும். அமெரிக்காவோட நடு-வடக்கு மாநிலங்களான மிட்வெஸ்ட்ல சோளம் விதைக்கிறது ஏப்ரல் நடுவுலேருந்து மே வரைக்கும். சட்டப்படி கவுன்சலர் ஒரு நாள் கூட லேட் இல்ல, ஆனா விவசாயிக்கு ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம்தான் கொட்டேஷன் வாங்கி ஆர்டர் போடறது. இந்த நாள் கணக்கெல்லாம் உச்சவரம்புதான், அதுக்கு முன்னாடியே முடிக்கலாம், விதைப்பு அறுவடை காலண்டர் கவுன்சலர் மேஜையில மாட்டியிருந்தா முடிச்சுடுவாங்க.

காசு பத்தாத மாநிலங்கள்ல ரொம்பத் தீவிரமான குறைபாடு இருக்குறவங்களுக்கு முதல்ல, மத்தவங்க வெயிட்டிங் லிஸ்ட்னு ஒரு வரிசை முறை இருக்கு. மூட்டுவாத விவசாயி இந்த வரிசையில மாட்டிக்குவார். ஆனா 2014ல வந்த சட்டத் திருத்தத்துல ஒரு கதவு திறந்திருக்கு: இருக்குற வேலையைக் காப்பாத்திக்க உடனே ஏதாவது கருவியோ சேவையோ தேவைப்படறவங்களை வரிசைக்கு வெளிய எடுத்துக்கலாம், மாநிலம் அதுக்கு ஒத்துக்கிட்டிருந்தா போதும். விவசாயி ஏற்கெனவே வேலையில இருக்குற ஆள்தானே, இந்த விதி இவங்களுக்கே எழுதின மாதிரி இருக்கு. அதே மாதிரி, வேற எங்கேயாவது காசு கிடைக்குமான்னு தேடிட்டு வான்னு வி.ஆர். பல சேவைகளுக்குச் சொல்லும், ஆனா உதவிக் கருவிகளுக்கு அந்தத் தேடல் கட்டாயம் இல்லன்னு விதியிலேயே விலக்கு இருக்கு. இந்த ரெண்டு விதியையும் தெரிஞ்ச கவுன்சலர் ஒரு கேஸை மாசக்கணக்குல முன்னாடி நகர்த்திடுவார்.

வருமானக் கணக்கு தனிப் பெரிய கதை. சில மாநிலங்கள் ஆளோட பண வசதியைப் பாத்து ஒரு பங்கை அவரையே போடச் சொல்லும், இயலாமை உதவித்தொகை வாங்கறவங்களுக்கு மட்டும் அதுல விலக்கு. விவசாயியோட வசதியை எப்படிப் பாக்கறது? 2022ல அயோவாவுல விவசாய நிலம் சராசரியா ஏக்கர் 11,000 டாலருக்கு மேல, 300 ஏக்கர் சொந்தமா இருந்தா காகிதத்துல அவர் 33 லட்சம் டாலர் ஆசாமி. அவர் வரிக் கணக்குல ஷெட்யூல் எஃப்னு விவசாய வரவு செலவுப் படிவத்தைப் பாத்தா, புது மெஷினோட தேய்மானம் முழுசையும் அந்த வருஷமே கழிச்சிருப்பார், நஷ்டம்னு இருக்கும். நிலத்தைப் பாத்த கவுன்சலர் "இவ்வளவு சொத்து இருக்கே, நீங்களே வாங்கிக்கலாமே"ம்பார், ஷெட்யூல் எஃப் பாத்தவர் "நஷ்டத்துல ஓடுற தொழிலுக்கு எப்படி காசு போடறது"ம்பார். ரெண்டுமே தப்பு. நிலத்தை வித்தா தொழிலே இல்ல, தேய்மானம்கிறது கையிலேருந்து அந்த வருஷம் போன பணம் இல்ல. தேய்மானத்தைத் திரும்பக் கூட்டிப் பாக்கறது, கடன் தவணை எவ்வளவு, வெளி வேலை வருமானம் எவ்வளவு, மூணு நாலு வருஷம் சேத்துப் பாத்தா பண்ணை நிக்குமான்னு புரிஞ்சுக்கறது, இதை ஒரு விவசாயக் கணக்கு தெரிஞ்ச ஆள் ஒரே நாள்ல சொல்லிக்கொடுத்துடலாம். மாஸ்டர்ஸ் சிலபஸ்ல இதுக்கு இடமே இல்லங்கிறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

2014 சட்டம் நல்லதும் செஞ்சுது, சில பேரை வெளிய தள்ளவும் செஞ்சுது. முன்னாடி சம்பளம் வாங்காம குடும்பப் பண்ணையில உழைக்கிறதையும் வெற்றிகரமான வேலைன்னு கணக்குல எடுத்துக்கலாம், 2016ல வந்த விதிகள் அதை நீக்கிடுச்சு, சம்பளமோ சொந்தத் தொழில் வருமானமோ வர்ற வேலைதான் வேலை. மாற்றுத்திறனாளிகளை வீட்டுலேயே உக்கார வச்சுட்டு கேஸை முடிக்கிற பழக்கத்தை நிறுத்தத்தான் அதைச் செஞ்சாங்க, நோக்கம் சரி. ஆனா கன்னுக்குட்டிக்குப் பால் குடுக்கறதுலேருந்து கணக்கு வரைக்கும் பாக்குற விவசாயி மனைவிக்கு சம்பளச் சீட்டு கிடையாது, வரிப் படிவத்துல கணவர் பேர் மட்டும் இருக்கும். அவங்களுக்கு முதுகு போனா என்ன செய்யறது? ரெண்டு பேரையும் தொழில் பங்குதாரரா காகிதத்துல காட்டணும், இல்ல பண்ணை அவங்களுக்கு முறையா சம்பளம் குடுக்கணும். இதை வரி ஆலோசகரோட உக்காந்து திட்டத்துக்கு முன்னாடியே சரி பண்ணச் சொல்ல கவுன்சலருக்குத் தெரிஞ்சிருக்கணும். அதே சட்டம் ஊர் ஊரா போய் அறுவடை செய்யற கூலித் தொழிலாளர்களுக்குன்னு இருந்த தனி வி.ஆர். நிதித் திட்டத்தையும் எடுத்துடுச்சு. விவசாயம்னதும் சொந்த நிலக்காரர் மட்டும்தான் கண்ணு முன்னாடி வர்றாங்க, ஸ்ட்ராபெரி பறிச்சே முதுகு போனவங்களும் விவசாயத் தொழிலாளிதான், ட்ரெயினிங்ல அவங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கலன்னா அந்த ட்ரெயினிங் பாதிதான்.

கவுன்சலருக்கு நிஜமாவே கைகொடுக்கிற பாடம் ஒண்ணு உண்டு, காது குடுத்துக் கேக்கத் தெரிஞ்சிருக்கறது. நாலு தலைமுறையா கைமாறி வந்த நிலம் தன் கையில முடிஞ்சுடுமோங்கிற பயம் ஒரு விவசாயிக்கு உடம்பு வலியை விடப் பெரிசு. 1980கள்ல கடன் நெருக்கடியில பண்ணைகள் ஏலம் போனப்போ நடந்த தற்கொலைகளை மிட்வெஸ்ட் இன்னும் மறக்கல. விவசாயிகளோட மன அழுத்தத்துக்குன்னு ஒரு உதவி வலையமைப்பை 2008 சட்டத்துலேயே எழுதி வச்சாங்க, பணம் ஒதுக்க பத்து வருஷம் ஆச்சு. மன அழுத்தமும் வி.ஆர். தகுதிக்குள்ள வர்ற குறைபாடுதான், முட்டி வலின்னு வந்தவர்கிட்ட தூக்கம் எப்படி, வீட்ல துப்பாக்கி எங்க இருக்குன்னு கேக்குற தைரியம் வேணும். இங்க கவுன்சலரோட படிப்பு வேற யாருக்கும் இல்லாத பலம், விரிவாக்க ஆபீசரும் டிராக்டர் டீலரும் அதைச் செய்ய முடியாது.

அப்போ ட்ரெயினிங் எப்படி இருக்கணும்? ஒரு மணி நேர வெபினார் போதாதுன்னு உறுதியா சொல்வேன். சான்றிதழ் பெற்ற கவுன்சலர்கள் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க 100 மணி நேரம் தொடர்கல்வி காட்டணும், அதுல எட்டு மணி நேரம் ஒரு பண்ணையில கழிக்கட்டும், காலைக் கறவைக்கு முன்னாடி போய் சாயங்காலம் வரைக்கும். சொல்லிக்கொடுக்கறவங்கள்ல பாதிப் பேர் மாற்றுத்திறனாளி விவசாயிகளா இருக்கட்டும், அதுக்கு அவங்களுக்கு காசும் குடுக்கட்டும். மாநில ஏஜென்சிகள்ல கவுன்சலருங்க அடிக்கடி வேலை மாறிப் போறாங்க, 2014 சட்டத்துக்கு அப்புறம் இளங்கலை பட்டத்தோட கொஞ்சம் அனுபவம் இருந்தாலே சேரலாம், அதனால எல்லாருக்கும் மேலோட்டமா சொல்றதை விட ஒவ்வொரு ஏரியாவுலயும் ரெண்டு மூணு பேரை பண்ணை கேஸ்களுக்குன்னே வளத்து, மத்தவங்க அவங்களைக் கேட்டுக்கிற மாதிரி வைக்கிறதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

கடைசியா, கேஸ் முடிக்கிற விஷயம். வேலையில 90 நாள் நிலைச்சு நின்னா கேஸை வெற்றின்னு மூடலாம். முடிச்ச பிறகு ரெண்டாவது காலாண்டு, நாலாவது காலாண்டுல இன்னும் வேலையில இருக்காரான்னு ஏஜென்சியை அளக்கறாங்க, அதுக்குப் பாக்கறது முதலாளிங்க அனுப்புற சம்பளப் பதிவுகளை. சொந்தத் தொழில் பண்றவர் அதுல இருக்கவே மாட்டார். தனியா ஆவணம் வாங்கிச் சேத்தாதான் அவர் வேலையில இருக்குறதா கணக்கு வரும், சேக்கலன்னா நல்லா ஓடுற பண்ணை கூட ஏஜென்சி ரிப்போர்ட்டுல தோல்வியாத் தெரியும், அப்புறம் அந்த ஆபீஸ் அடுத்த விவசாயியை எடுக்கவே யோசிக்கும். அதனால திட்டம் எழுதும்போதே வருமானத்துக்கு எந்தக் காகிதம், எப்போ குடுக்கணும்னு பேசி வச்சுக்கணும். 90 நாளையும் காலண்டர் பாத்து எண்ணணும். நவம்பர் கடைசியில லிஃப்ட் மாட்டி பிப்ரவரியில கேஸை மூடினா, அந்த 90 நாளும் டிராக்டர் ஷெட்டுலதான் நின்னிருக்கும். விதைப்பு ஒண்ணு, அறுவடை ஒண்ணு பாத்துட்டு மூடறதுதான் சரி, ஏன்னா லிஃப்ட் சேத்துல நிக்குதா, சீட் பெல்ட் போட்டுக்கிட்டு பின்னாடி திரும்ப முடியுதா, பழைய டிராக்டருக்குப் போட்ட கை லீவர் புதுசா வாங்கின டிராக்டருக்குப் பொருந்துதான்னு எல்லாம் அப்பத்தான் தெரியும். வேலை நிலைச்சதுக்கு அப்புறமும் சின்னச் சின்ன மாத்தங்களுக்கு உதவி செய்ய விதி இருக்கு, அந்த விதியைச் சொல்லி, என்ன ஆனாலும் கூப்பிடுங்கன்னு நம்பரை டிராக்டர் ஷெட் சுவத்துல எழுதி வச்சுட்டு வரணும்.